சிறாரும் வாணவேடிக்கையும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நாடு கரிசல் நாடு. ஆற்றுப் பாய்ச்சல் அங்கு அரிது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலையே காட்டிக் கிடக்கும். கம்பும் சோளமும் குதிரைவாலியும், பருத்தியும் மல்லியும் பெரும்பாலும் மழையை நம்பியே விளைகின்றன. இத்தகைய நிலத்தை ‘வானம் பார்த்த பூமி’ என்று மக்கள் வழங்குவர். உழவன் முகிலை எதிர்நோக்கி வானம் பார்க்கிறான். ஆண்டில் ஓரிரு நாள் அவனுடைய மக்களும் வானம் பார்க்கின்றனர். விழாநாள் இரவில் விண்ணிடையே செந்நிறமும் பொன்னிறமுமாக மலர்ந்து மறையும் ஒளிப்பூக்களே அச்சிறாரின் கண்களை மேல்நோக்கி ஈர்ப்பவை.

அவ்வொளிக் காட்சிக்கு வாணவேடிக்கை என்பது பெயர். வானத்தில் நிகழ்வதாதலின் இதனை ‘வானவேடிக்கை’ என்று எழுதுவாரும் உளர். ஆயினும் இத்தொடரின் முதற்சொல் வாணம் என்பதே. அம்பைக் குறிக்கும் பாணம் என்னும் வடசொல் தமிழில் வாணம் எனத் திரிந்தது. வில்லினின்றும் அம்பு பாய்வதுபோல் விரைந்தெழுதலின் இத்தீப்பொறிக்கு அப்பெயர் வாய்த்தது. சிறுவர் நாவில் பயிலும் புஸ்வாணம் என்னும் சொல்லிலும் இவ்வாணமே உள்ளது. அம்பு காண்பதற்கு அழகியது. பட்டால் ஊறு செய்வது. இவ்விரு தன்மையும் வாணத்திற்கும் உண்டு. ஆதலின், வாணவேடிக்கைக்குச் சிறாரை அழைத்துச் செல்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அருப்புக்கோட்டைப் பகுதி மக்களுக்கு அண்மையிலுள்ள மாநகரம் மதுரை. காரியாபட்டி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் அந்நகரை அடையலாம். சித்திரைத் திங்களில் அங்கு நிகழும் பெருவிழா நாடறிந்தது. மீனாட்சியம்மன் திருக்கல்யாணமும், கள்ளழகர் வைகையில் இறங்குதலும் ஒன்றையடுத்து ஒன்றாக நிகழும் வண்ணம் அவ்விழாவை இணைத்தவர் 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் என்பர். அழகர்கோவிலினின்றும் புறப்பட்டு வரும் அழகரை மதுரை மக்கள் நகரின் வடபால் எதிர்கொண்டு வணங்குவர். இஃது எதிர்சேவை எனப்படும். திரியேந்தி ஆடுவோர் ஒருபுறம், நீர் பீய்ச்சுவோர் ஒருபுறம், அதிர்வேட்டு முழக்கமும் வாணவேடிக்கையும் ஒருபுறம் என அவ்வூர் விழாக்கோலம் கொள்ளும். மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவார். கோடை விடுமுறையை ஒட்டி வரும் விழாவாதலின் சிற்றூர்களிலிருந்து செல்லும் குடும்பங்களில் இடுப்பில் அமர்ந்த குழந்தையும், கைப்பிடித்து நடக்கும் சிறுவரும் பலராவர்.

விழாவில் வாணம் விடுதல் பழைய வழக்கமே. வெடிமருந்தை முதன்முதல் கண்டவர் சீனர். வெடியுப்பு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் கலந்த கலவை அது. பிற்காலத்தில் அக்கலை பல நாடுகளுக்கும் பரவிற்று. பாரசீகத் தூதராக 1443 ஆம் ஆண்டில் விசயநகரத்தில் தங்கியிருந்த அப்துர் ரசாக், அங்கு நிகழ்ந்த மகாநவமி விழாவையும் அதில் விடப்பட்ட வாணங்களையும் வியந்து குறித்துள்ளார்.

இந்நாளில் பெருநகர்களில் விண்ணில் வெடிக்கும் வாணம் இயங்கும் முறை அறியத்தக்கது. நிலத்தில் ஊன்றிய குழலினுள் உருண்டை வடிவான குண்டு ஒன்று வைக்கப்படும். அதன் அடியிலுள்ள மருந்து தீப்பற்றியவுடன் எழும் வளி, குண்டினை மேலே உந்தி எறியும். குண்டு மேலெழும்போதே அதனுள் இருக்கும் திரி எரிந்துகொண்டு செல்லும். உச்சியை அடையும் வேளையில் திரியின் தீ உள்மருந்தைத் தொட, குண்டு வெடித்துச் சிதறும். குண்டினுள் அடுக்கப்பட்ட சிறு மருந்துருண்டைகள் எரிந்தவாறே நாற்புறமும் பாயும். அவையே மலரின் இதழ்களாகத் தோன்றுகின்றன. ஸ்ட்ரான்சியம் கலந்த உருண்டை செந்நிறமும், சோடியம் மஞ்சள் நிறமும், செம்பு நீல நிறமும், அலுமினியமும் மக்னீசியமும் வெள்ளொளியும் தரும். பச்சை நிறம் தருவது பேரியம். அதன் உப்புகள் உடல்நலத்திற்குக் கேடு பயப்பன ஆதலின், பட்டாசுகளில் அவற்றைச் சேர்த்தலை இந்திய உச்சநீதிமன்றம் 2018 ஆம் ஆண்டில் விலக்கிற்று.

குண்டு மேலே செல்வதற்கு மாறாகச் சாய்ந்து பாய்தலும் உண்டு. மேலே வெடியாது கீழே வந்து வெடித்தலும் உண்டு. இவை அரியவையாயினும் நிகழாதவை அல்ல. ஆதலின், காண்போர் நிற்கும் இடத்திற்கும் குழல் நிற்கும் இடத்திற்கும் இடையே போதிய வெளி வேண்டும். அமெரிக்க நாட்டில் இதற்கென ஒரு நெறி வகுத்துள்ளனர். குழலின் வாய் எத்தனை அங்குல அகலமோ அத்தனை எழுபதடி தொலைவில் மக்கள் நிற்றல் வேண்டும் என்பது அந்நெறி. நான்கு அங்குலக் குழலாயின் 280 அடியும், ஆறு அங்குலக் குழலாயின் 420 அடியும் விலகி நிற்க வேண்டும். சிறாரை உடன் கொண்டு செல்வோர் இதனினும் சேய்மையில் நிற்பதே அறிவுடைமை.

‘அண்மையில் நின்றால்தானே குழந்தை நன்றாகக் காணும்?’ என்று சிலர் வினவுவர். காட்சியின் இயல்பை அறியாமையால் எழும் வினா இது. வாணம் மலர்வது பல நூறு அடி உயரத்தில். அதன் அடியில் நிற்பவன் கழுத்தை ஒடித்து மேலே நோக்க வேண்டும். அவனுக்கு மலரின் ஒரு பகுதியும் புகையுமே தோன்றும். விலகி நிற்பவனுக்கோ மலர் முழுதும் தோன்றும்; அது விரிவதும் சாய்வதும் அவிவதும் ஒரே நோக்கில் புலப்படும். மலையின் வடிவைக் காண விரும்புவோன் அதன் அடிவாரத்தைவிட்டு விலகி நின்றே காண்கிறான். வாணமும் அத்தகையதே.

ஒலியின் திறத்திலும் தொலைவு பெருந்துணை செய்கிறது. ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளைச் செய்தலையும் விற்றலையும் இந்திய அரசு 1999 ஆம் ஆண்டில் தடை செய்தது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் 125 ஆக இருந்த ஒலி, எட்டு மீட்டரில் 119 ஆகும். பதினாறில் 113 ஆகும். 128 மீட்டர் சென்றால் 95 ஆகிவிடும். விண்ணில் வெடிக்கும் பெருங்குண்டின் ஒலி இதனினும் மிகுதியாயினும் குறையும் கணக்கு ஒன்றே.

குழந்தையின் செவித்துளை சிறிது. ஆதலின் அதனுள் புகும் ஒலியின் அழுத்தம் மிகுதி. திடீரென எழும் ஒலியின் உச்ச அளவு வளர்ந்தோர்க்கு 140 டெசிபலையும், சிறார்க்கு 120 டெசிபலையும் கடத்தலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. செவியின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் பேரொலியால் அழியுமாயின் மீண்டும் தளிர்ப்பதில்லை. கண்ணில் பட்ட காயம் வெளியே தெரியும். செவியில் பட்ட கேடு பல ஆண்டு கழித்தே தெரியவரும். காதில் பஞ்சு வைத்தல் போதிய காப்பு ஆகாது. செவி முழுவதையும் மூடும் செவிமூடிகள் உள்ளன. அவை கிட்டாதவிடத்துப் பெற்றோர் தம் உள்ளங்கையால் குழந்தையின் காதுகளை அழுத்தி மூடுதல் நன்று. கைக்குழந்தையை வீட்டிலுள்ள முதியோரிடம் விட்டுச் செல்லுதல் யாவற்றினும் நன்று.

சிறாரின் அச்சத்தைப் போக்கவும் ஓர் எளிய வழி உண்டு. ஒளி கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைந்து வருகிறது. ஒலியோ ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரே செல்கிறது. ஒளி தோன்றியவுடன் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என நொடி எண்ணத் தொடங்கினால், ஒலி வந்து சேரும்போது வாணம் வெடித்த தொலைவு தெரிந்துவிடும். மூன்று நொடியாயின் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஒலி எப்போது வரும் என்று அறியாத குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. அது வருமெனக் காத்து எண்ணும் குழந்தை, வந்தவுடன் கைதட்டி நகைக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இக்கணக்கே பொருந்தும். ஐப்பசி மழைக்காலத்தில் அக்குழந்தை தன் வீட்டுத் திண்ணையில் இருந்தே இதனை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

தீயும் ஒலியும் மட்டுமே இடர் தருவன என்று கருதுதல் பொருந்தாது. பெருநகரில் கூடும் கூட்டமே சிறார்க்கு முதல் இடர். 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். 2024 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள் சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய வான்படை நிகழ்த்திய சாகசக் காட்சியைக் காணப் பல இலட்சம் மக்கள் திரண்டனர். அன்று வெயிலிலும் கூட்டத்திலும் வருந்தி ஐவர் உயிரிழந்தனர். இவ்விரு நிகழ்ச்சியிலும் விண்ணிலிருந்து எதுவும் விழவில்லை, தீயும் பற்றவில்லை. மக்கள் ஒரே இடத்தில் ஒரே வேளையில் நெருங்கியதே துன்பத்திற்குக் காரணமாயிற்று. வளர்ந்தோனுக்குத் தோளளவு நெரிசலாயிருப்பது, குழந்தைக்கு முகத்தளவு நெரிசல் ஆகும். அதற்கு மூச்சு முட்டுவதை அருகில் நிற்பவனும் அறியான்.

கூட்டமும் தீயும் ஒருங்கு சேர்ந்தால் விளையும் கேடு சொல்லுந்தரமன்று. கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்துப் பரவூரில் உள்ள புற்றிங்கல் கோயிலில் 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் விடியுமுன் வாணவேடிக்கை நிகழ்ந்துகொண்டிருந்தது. வெடிகள் சேமித்து வைத்திருந்த கட்டடத்தின்மீது தீப்பொறி விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வேடிக்கைக்கு மாவட்ட ஆட்சியர் இசைவு மறுத்திருந்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. சேமிப்பறைக்கும் வாணம் விடுமிடத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே போதிய வெளி இருந்திருப்பின் அத்துணை உயிர்கள் போயிரா.

உலகின் வேறு நகரங்கள் சில இதற்கு வழி கண்டுள்ளன. சிங்கப்பூர் அரசு, தனியார் பட்டாசு வெடித்தலை 1972 ஆம் ஆண்டில் முற்றும் தடை செய்தது. நாட்டின் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 9 ஆம் நாள் அரசே வாணவேடிக்கை நிகழ்த்துகிறது. மெரினா விரிகுடாவின் கரைகளில் நின்று தமிழ்ச் சிறாரும் பிற இனத்துச் சிறாரும் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் புத்தாண்டுப் பிறப்பின் பெருவேடிக்கை நள்ளிரவில் நிகழும். அவ்வளவு நேரம் குழந்தைகள் விழித்திரார் என்று கருதி, அவர்களுக்கெனவே இரவு 9 மணிக்கு ஒரு வேடிக்கை நிகழ்த்தும் வழக்கம் அங்கு உண்டு. துறைமுகத்து நீரில் மிதவைகளை நிறுத்தி அவற்றினின்றும் வாணம் விடுவர். வாணத்திற்கும் மக்களுக்கும் இடையே கிடக்கும் நீர்ப்பரப்பே காவலாகிறது. தொலைவின் பயனை இவ்விரு நகரங்களும் நன்குணர்ந்துள்ளன.

நீர்ப்பரப்பு இல்லாத இடத்தில் பெற்றோரின் அறிவே காவல். காரியாபட்டி வழியே மதுரைக்குச் செல்லும் குடும்பம் நண்பகலிலேயே குழந்தையை உறங்கச் செய்து, மாலையில் உணவூட்டி அழைத்துச் செல்லுதல் வேண்டும். குடிநீர் உடன் இருத்தல் வேண்டும். எளிதில் தீப்பற்றி உருகி உடலில் ஒட்டும் நைலான் ஆடையை விலக்கிப் பருத்தியாடை உடுத்துதல் நலம். பருத்தியும் தறியும் உடைய நாட்டார்க்கு அஃது அரிதன்று. பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்தல் வேண்டும். சபரிமலைக்கு வரும் சிறாரின் மணிக்கட்டில் காவல்துறையினர் இத்தகைய பட்டை கட்டுதலும் இது கருதியே. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, ‘பிரிந்துவிட்டால் இவ்விடத்தில் வந்து நில்’ என்று ஓர் இடத்தை முன்னரே காட்டி வைத்தல் வேண்டும். காணாமற்போன குழந்தையைப் பற்றி அறிவிக்க 1098 என்னும் எண்ணும், பிற அவசரங்களுக்கு 112 என்னும் எண்ணும் உள்ளன. நிற்குமிடம் கூட்டத்தின் நடுவில் அமையாது, வெளியேறும் வழியை ஒட்டி, காற்று வீசும் திசையையும் நோக்கி அமைதல் வேண்டும். காற்றின் போக்கில் சாம்பலும் எரிதுகளும் விழும். கண்ணில் துகள் பட்டால் கசக்காது நீரால் கழுவுதல் வேண்டும். கடைசி வாணம் அவியுமுன்னரே புறப்பட்டுவிடுவோர்க்கு நெரிசல் இல்லை.

தீப்பட்ட இடத்தில் மை தடவுதலும் பற்பசை பூசுதலும் தீங்கு பயப்பன. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் அவ்விடத்தைக் காட்டி, பின்னர் மருத்துவரிடம் செல்லுதலே முறை. மறுநாட் காலையில் வெடியாது கிடக்கும் வெடிகளைச் சிறுவர் பொறுக்கித் திரிவர். அவிந்ததுபோல் தோன்றும் மருந்தினுள் தீ உறங்கிக் கிடத்தல் கூடும். ஆதலின் அவற்றைத் தொடுதல் ஒருகாலும் கூடாது.

இத்தனை காவலும் காண்போரைப் பற்றியவை. வாணத்தைச் செய்வோரையும் எண்ணுதல் கடமை. இந்தியாவில் செய்யப்படும் பட்டாசின் பெரும்பகுதி அருப்புக்கோட்டைக்கு மேற்கேயுள்ள சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிலேயே செய்யப்படுகிறது. 1923 ஆம் ஆண்டு வாக்கில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். அதன் வழியே பட்டாசுத் தொழிலும் பின்னர் வளர்ந்தது. மழை குன்றிய வறண்ட காற்று மருந்தை உலர்த்த ஏற்றதாயிற்று. வேளாண்மை பொய்த்த குடும்பங்களுக்கு அத்தொழில் சோறிட்டது. வேளாண்மைக்குக் குறையாயிருந்த வறட்சியே தொழிலுக்கு வாய்ப்பாயிற்று.

ஆயினும் அத்தொழிலின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. சுற்றுவட்டச் சிற்றூர்களின் சிறார் பலர், பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில், விடியுமுன் எழுந்து தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் சென்ற காலம் ஒன்று இருந்தது. பதினான்கு வயது நிரம்பாதோரை அத்தொழிலில் அமர்த்துதலை 1986 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சிவகாசிச் சிறாரைக் குறித்து எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கி, அவர்தம் கல்விக்கு வழிவகுக்க ஆணையிட்டது. ஊர்ச் சிறார் மகிழ வாணம் செய்த கைகளும் சிறாரின் கைகளாகவே இருந்தன என்பதை அறியும்போது, அச்சட்டங்களின் அருமை புலப்படும்.

ஆலையிலும் தொலைவே உயிர்காப்பு. ஒரு கொட்டகைக்கும் மறு கொட்டகைக்கும் இடையே வெளி விட்டுக் கட்டுதல் வேண்டும். ஒரு கொட்டகையில் நால்வருக்கு மேல் இருந்து வேலை செய்தல் கூடாது என்பன அங்கு விதிகள். ஒரு கொட்டகையில் தீப்பற்றினும் அடுத்ததற்குப் பரவலாகாது என்பதே நோக்கம். 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை தீப்பற்றியபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தோர் அல்லர். தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அயலூரார். இரக்கத்தால் ஓடியவர்க்கும் இடைவெளி வேண்டும் என்னும் பாடத்தை அந்நாள் கொடிய முறையில் கற்பித்தது.

பிறவுயிர் நோக்கி விலகி நிற்பாரும் தமிழ்நாட்டில் உளர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி முதலிய சிற்றூர்களில், கூடு கட்ட வரும் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. ஊரார் எல்லாரும் உடன்பட்டு நெடுங்காலமாகக் காத்துவரும் வழக்கம் அது. பறவையின் குஞ்சுக்கு அவ்வூரார் காட்டும் பரிவைத் தம் வீட்டுக் குழந்தையின் செவிக்கும் காட்டுதல் யாவர்க்கும் தகும்.

சிறாரை வாணவேடிக்கைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டாம் என்று கூறுதல் முறையாகாது. வானம் பார்த்த நாட்டில் பிறந்த குழந்தைக்கு அவ்வானத்தில் ஒளி மலரும் ஓர் இரவைக் காட்டுதல் பெற்றோர் செய்யத்தக்க நற்செயலே. ஆற்றுக்கு அப்பாலோ, திடலின் ஓரத்திலோ, உயர்ந்த மாடியிலோ தந்தையின் தோள்மீது அமர்ந்து, தாயின் கை செவிகளைப் பொத்த, ‘ஒன்று, இரண்டு’ என எண்ணியவாறு ஒரு குழந்தை வானம் பார்க்குமாயின், அதற்கு வாணத்தின் அழகு முழுதும் கிட்டும். அதன் ஊறு ஒன்றும் கிட்டாது. அக்குழந்தை வீடு திரும்பும்போது உறங்கிவிடும். அது நலமாக உறங்கும் வண்ணம் அழைத்துச் சென்று அழைத்து வருதலே வேடிக்கை காட்டியோர் கடமை.